எருமை மேல் பெய்த மழை

செலே ஆற்றுச் சமவெளியில்
ஜூலை மூன்றாம் வாரம்.
கடல் காற்று கரையேறி
ஒன்பது நாளாயிற்று.

கொட்டகை நடுவே ஒரு வெள்ளைப் பெட்டி.
சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துப் பிசைந்து
ஒற்றை எண்ணாகச் சொல்லும்.
எழுபத்திரண்டைத் தொட்டால் விசிறிகள்.
எழுபத்தெட்டில்
'டக்' என்றொரு சத்தம்,
பிறகு மழை.
ஒரு நிமிடம் மழை, ஒன்பது நிமிடம் காற்று.
நனைப்பது நீர்.
குளிரவைப்பது, அது விட்டுப்போகிற போக்கு.

மழைக்கு முன்பே, அந்த 'டக்'குக்கே
காதைத் திருப்பிவிடும் கோந்தெஸ்ஸா.
எருமை மேல் மழை பெய்தாற்போல என்று
முதலில் சொன்னவர் யாரோ,
முதுகை மட்டும் பார்த்துவிட்டுப்
போயிருக்க வேண்டும்.

கறுப்புத் தோல். வேர்க்கத் தெரியாத தோல்.
வெயிலைக் கடனாக வாங்கிக்கொள்ளும்,
திருப்பித் தர வழியிருக்காது.
குட்டை இருந்தவரை சேற்றைப் பூசிச் சமாளித்தது.
குட்டை இருந்த இடத்தில் இப்போது
பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்
கீரை விளைகிறது,
மிலானோவின் தட்டுகளுக்கு.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே கால்.
'டக்.'
இருநூறு காதுகள் திரும்பின.
மழை வரவில்லை.

மோட்டார் ஓடுகிறது. குழாயில் நீர் இருக்கிறது.
முனைகளில்தான் சுண்ணாம்பு,
கல்லாக இறுகிப்போய்.
பண்ணைக்காரி அசுந்தா சலேர்னோவில்,
வங்கி வாசலில்.
மெக்கானிக் போனில் சொன்னான்:
"வியாழக்கிழமை."

நிர்வைர் சிங் கோந்தெஸ்ஸாவின் விலாவைப் பார்த்து
நிமிடத்துக்கு எண்ணினான்.
அறுபத்தேழு.
நாக்கு வெளியே வந்துவிட்டது.
எச்சில் ஒரே நூலாகத் தரைவரை.
அடுத்த வரிசையில் ஒன்று
தண்ணீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு நின்றது.
அடிக்க மனம் வரவில்லை.

ஏணி போட்டான்.
கம்பி நுழையவில்லை, தடிமன்.
ஆணி, அதைவிடத் தடிமன்.
கபூர்தலாவிலிருந்து பதினோரு வருடமாகக்
கூடவே வரும் எஃகு ஊசி
தலைப்பாகை மடிப்பில் இருந்தது.
காலையில் துணியின் ஓரங்களைச் செருகுகிற ஊசி.
ஒரு கணம் யோசித்தான்.
ஒரே கணம்தான்.

முதல் முனை. குத்து, திருப்பு, ஊது.
இரண்டாவது.
ஏழாவதில் வாயெல்லாம் சுண்ணாம்பு.
பத்தொன்பதாவதில் ஏணி சறுக்கி
முழங்கை சிராய்ந்தது.
முப்பத்தொன்றாவதைத் திருகும்போது
கீழே பெட்டி 'டக்' என்றது.
மழை அவன் தலையில்தான் முதலில் விழுந்தது.

எருமைகள் நன்றி சொல்லாது.
முட்டித் தள்ளிக்கொண்டு நீருக்கடியில் வந்து
கண்ணை மூடிக்கொண்டன. அவ்வளவுதான்.
ஆளைக் கண்டாலே உதைக்கும் கோந்தெஸ்ஸா
ஏணியில் சாய்ந்து நின்றது,
அவன் இறங்க முடியாதபடி.
நாற்பது நிமிடம்
நடு ஏணியில், நனைந்த தலைப்பாகையோடு,
எண்ணிக்கொண்டிருந்தான்:
ஐம்பத்தெட்டு. நாற்பத்தாறு. முப்பது.

சாயங்காலப் பால் குறைந்தது.
பாலாடைக்கட்டி போடும் சபாத்தினோ
கேனை இரண்டாம் முறை நிறுத்துப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொன்னதைவிட அது மோசம்.

இரவு ஊருக்குப் போன்.
அங்கே நாற்பத்து நான்கு டிகிரி.
தம்பி சிரித்தான், வயிறு குலுங்க.
"எருமைக்கு ஷவரா? சோப்பும் போடுவாங்களோ?"
சிரிப்பின் நடுவில் கரண்ட் போயிற்று.
விசிறி ஒன்று சுற்றிச் சுற்றி ஓய்வது
இங்கே வரைக்கும் கேட்டது.
அதற்குப் பின்னால், தொழுவத்தில்,
தொண்டையால் இழுத்து விடுகிற மூச்சு.

தம்பி நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, தாழ்ந்த குரலில்:
"நம்ம ரெண்டுக்கு
எத்தனை முனை வேணும்?"

வளைந்த ஊசியைக் கட்டில் சட்டத்தில் அழுத்தி
நிமிர்த்திக்கொண்டிருந்தான் நிர்வைர்.
"நாலு," என்றான்.
"அப்புறம் ஒரு ஊசி."